விளையாட்டுக்குப் பாதிக் கட்டணம் என்கிறார்கள்: எதில் பாதி?

தலவாக்கலையிலிருந்து எழுதியிருக்கும் அக்காவுக்கு,

மகன் கரப்பந்தாட்டத்தில் மாகாண மட்டம் வரை போனவர். ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கிறார். கொழும்பில் ஒரு தனியார் கல்லூரியின் பயிற்றுநர் போன் எடுத்து, "விளையாட்டுப் புலமைப்பரிசில், பாதிக் கட்டணம்தான், இந்த மாதத்துக்குள் பதியுங்கள்" என்கிறார். நகையை அடகு வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு வைக்க வேண்டாம்.

அந்தப் பயிற்றுநர் ஏமாற்றுகிறார் என்று நான் சொல்லவில்லை. மகனின் ஆட்டம் அவருக்கு உண்மையாகவே பிடித்திருக்கலாம். ஆனால் சின்னத் தனியார் கல்லூரி ஓடுவதே பிள்ளைகள் கட்டும் பணத்தில். நாற்பது கதிரை போட்ட வகுப்பில் இருபத்தைந்து பேர் இருந்தாலும் விரிவுரையாளர் சம்பளமும் கட்டட வாடகையும் குறையாது. சும்மா கிடக்கிற கதிரையில் பாதிக் காசுக்கு ஒரு பிள்ளை வந்து உட்கார்ந்தாலும் அவர்களுக்கு லாபம்தான். அதிலும் விளையாட்டுக்காரப் பிள்ளை தனியாக வராது, கூட ஆடிய இரண்டு பேரையும் இழுத்துக்கொண்டு வரும்.

இந்த வழியை அமெரிக்காவின் சின்னக் கல்லூரிகள் வெளிப்படையாகவே செய்கின்றன. மிச்சிகன் மாநிலத்தில் ஏட்ரியன் கல்லூரி என்று ஒன்று. 2005க்குப் பிறகு ஐஸ் ஹொக்கி, லக்ரோஸ் என்று அணி மேல் அணியாகச் சேர்த்தார்கள். ஒவ்வொரு பயிற்றுநரும் வருடத்துக்கு இத்தனை பிள்ளைகளைக் கொண்டுவர வேண்டும் என்று கணக்கு வைத்தார்கள். சில வருடங்களில் மாணவர் தொகை ஏறக்குறைய இரண்டு மடங்கானது. இத்தனைக்கும் அந்தக் கல்லூரி ஆடுகிற, அமெரிக்கக் கல்லூரி விளையாட்டின் மூன்றாம் பிரிவில் விளையாட்டுக்கென்று புலமைப்பரிசில் கொடுக்கவே விதி இடம் தராது. ஆட இடம் கிடைக்கிறதே என்றுதான் பிள்ளைகள் சேர்கிறார்கள். எல்லா இடத்திலும் இது பலிப்பதுமில்லை. அலபாமாவில் 1856இல் தொடங்கிய பேர்மிங்ஹாம்-சதர்ன் கல்லூரி காசில்லாமல் 2024 மே 31 அன்று மூடப்பட்டது. அதே நாளில் அதன் பேஸ்போல் அணி தேசிய இறுதிச் சுற்றில் ஆடிக்கொண்டிருந்தது. நல்ல அணி இருக்கிறது என்பதை வைத்துக் கல்லூரி நிலைத்து நிற்கும் என்று நம்பிவிட முடியாது.

சரி, நம் கணக்குக்கு வருவோம். உதாரணத்துக்கு வருடம் மூன்று லட்சம், மூன்று வருடப் படிப்பு என்று வையுங்கள். மொத்தம் ஒன்பது லட்சம். "பாதி" என்பது முதல் வருடத்துக்கு மட்டும் என்றால் கழிவது ஒன்றரை லட்சம், அதாவது மொத்தத்தில் ஆறில் ஒரு பங்கு. பதிவுக் கட்டணத்துக்கும் பரீட்சைக் கட்டணத்துக்கும் பெரும்பாலும் கழிவு இருக்காது. அதற்கு மேல் கொழும்பில் மூன்று வருட போர்டிங், சாப்பாடு, பஸ் காசு. தோட்டத்துப் பிள்ளைக்குப் படிப்புக் காசைவிட இந்தச் செலவுதான் கழுத்தை நெரிக்கும். இரண்டாம் வருடம் முழுக் கட்டணமும் கட்ட முடியாமல் பாதியில் வீடு திரும்பிய பிள்ளைகளை ஹட்டனில் நிறையப் பார்க்கிறேன்.

அதனால் அந்தச் சலுகையை எழுத்தில் கேளுங்கள். கழிவு எத்தனை வருடத்துக்கு? முழங்கால் போய் ஒரு வருடம் ஆட முடியாவிட்டால் கழிவை நிறுத்திவிடுவார்களா? அணியை விட்டு விலகினால் கழித்த காசைத் திருப்பிக் கட்டச் சொல்வார்களா? பயிற்சி நேரம் விரிவுரையோடு மோதினால் எது முதல்? கரப்பந்தாட்டக்காரருக்கு முழங்காலும் கணுக்காலும்தான் முதலில் போகும், ஆகவே இரண்டாவது கேள்வியை விடவே வேண்டாம். போனில் சொன்ன பதிலை நாளைக்கு யாரிடம் காட்டுவீர்கள்?

சான்றிதழ் விஷயம் இதைவிடப் பெரியது. உள்நாட்டுப் பட்டம் என்றால், 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டத்தின் கீழ் பட்டம் வழங்க அனுமதி பெற்ற நிறுவனமா, அதுவும் குறிப்பாக அந்தப் பாடநெறிக்கு அனுமதி உண்டா என்று பாருங்கள். டிப்ளோமா என்றால் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு இருக்கிறதா, என்.வி.கியூ. (தேசிய தொழிற் தகைமை) எத்தனையாம் மட்டம் என்று கேளுங்கள். வெளிநாட்டுப் பட்டம் என்றால் அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரை வாங்கி, பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடம் விசாரியுங்கள். கல்லூரி வரவேற்பறையில் அடுக்கியிருக்கும் கிண்ணங்கள் வேலைக்கான நேர்முகத்தில் உதவாது.

அவசரப்பட வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணம், முடிவு இன்னும் வரவில்லை. அரசப் பல்கலைக்கழக அனுமதியில் பெரும்பாலான பாடநெறிகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்ட ஒதுக்கீடு, 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. நுவரெலியாவும் பதுளையும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. ஆகவே கொழும்புப் பிள்ளைக்குக் கிடைக்காத இடம் உங்கள் மகனுக்குக் கிடைக்கலாம். தேசிய மட்டத்தில் விளையாட்டில் சாதித்தவர்களுக்கு விசேட அனுமதியும் உண்டு, ஏ.எல். குறைந்தபட்சத் தகுதி மட்டும் வேண்டும். மகன் மாகாணத்தோடு நின்றிருந்தால் அதை நம்ப வேண்டாம், தேசிய மட்டச் சான்றிதழ் ஒன்றிருந்தால் இன்றைக்கே பத்திரப்படுத்துங்கள். விளையாட்டையே படிக்க ஆசை என்றால் பெலிஹுல்ஓயாவில் சப்ரகமுவ பல்கலைக்கழகத்தில் உடற்கல்வி, விளையாட்டு விஞ்ஞானப் பட்டங்கள் இருக்கின்றன. ஆசிரியராக விரும்பினால் பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி நம் பக்கத்திலேயே இருக்கிறது. இவை எதிலும் பாடநெறிக் கட்டணம் என்று லட்சக்கணக்கில் கேட்க மாட்டார்கள்.

"முரளியும் மலையகத்துப் பிள்ளைதானே" என்று மகன் சொல்கிறாராம். உண்மைதான், டெஸ்ட் கிரிக்கெட்டில் எடுத்த 800 விக்கெட்டும் உண்மைதான். ஆனால் முரளியின் அப்பாவுக்குக் கண்டியில் பிஸ்கட் தொழில் இருந்தது, பந்து சுழலாமல் போயிருந்தாலும் வீட்டில் அடுப்பு எரிந்திருக்கும். ஆட்டத்தை விடச் சொல்லி மகனைக் கட்டாயப்படுத்த வேண்டாம் அக்கா. கொழும்பில் வர்த்தக நிறுவனங்களுக்கிடையிலான போட்டிகள் நடக்கின்றன, நல்ல ஆட்டக்காரருக்கு வேலை கொடுக்கிற கம்பனிகள் உண்டு. பொலிஸ், முப்படை அணிகளும் இருக்கின்றன.

அந்தப் பயிற்றுநர் மறுபடி எடுத்தால் மரியாதையாக, "ஏ.எல். முடிவு வந்த பிறகு சொல்கிறோம், நிபந்தனைகளைக் கடிதமாக அனுப்புங்கள்" என்று மட்டும் சொல்லுங்கள். மகனை உண்மையிலேயே வேண்டுமென்றால் அதுவரை காத்திருப்பார். கடிதம் வந்தால் படம் பிடித்து வட்ஸ்அப்பில் போடுங்கள், பின்பக்கத்துச் சின்ன எழுத்தையும் சேர்த்து. பார்த்துவிட்டு உங்களோடு பேசுகிறேன்.