தவளை கேள்வி பதில்: குட்டைக்குள் யார் யாரைத் தின்கிறார்கள்?

பல்கலைக்கழகத்தில் சூழலியல் கற்றுக்கொடுத்த காலம் முழுக்கத் தலைப்பிரட்டைகளோடுதான் கிடந்தேன். நீங்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

யீஷூனில் பெரிய மழை பெய்தால் புளோக் பக்கத்துக் கால்வாயில் மாடு கத்துவதுபோல் சத்தம். அம்மா பயப்படுகிறார், சார்.

பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லுங்கள். அது உடம்பை உப்பவைத்து மிதக்கும் குண்டுத் தவளை. முதுகின் இரு பக்கமும் இளம்பழுப்புப் பட்டை இருக்கும். வெயில் நாள்களில் மண்ணுக்குள் புதைந்திருக்கும். மழை கொட்டியதும் இணை தேடி வெளியே வரும். முட்டை ஒரே நாளில் பொரிந்துவிடும். தேங்கிய நீர் வற்றுவதற்குள் வளர்ந்தாக வேண்டுமே! இது நம் சிங்கப்பூரின் பூர்வீகத் தவளை அல்ல, வெளியிலிருந்து வந்தது.

ஐயா, இத்தனை வருடம் தலைப்பிரட்டையில் அப்படி என்ன பார்த்தீர்கள்?

மாணவனாக இருந்தபோது சூழலியலாளர் பீட்டர் மோரின் 1981இல் வெளியிட்ட ஒரு சோதனையைப் படித்தேன். அமெரிக்காவில் மாடுகளுக்குத் தண்ணீர் வைக்கும் பெரிய தொட்டிகளையே குட்டைகளாக்கி, மூன்று வகைத் தலைப்பிரட்டைகளை ஒன்றாக விட்டார். எதிரி இல்லாத தொட்டிகளில் வேகமாகத் தின்று வளரும் வகை மற்றவற்றை ஒடுக்கிவிட்டது. நியூட் எனப்படும், பல்லிபோல் வாலுள்ள நீர்வாழ் உயிரியைச் சேர்த்தார். அது அந்த முரட்டுக் கூட்டத்தைத் தின்று குறைத்ததால், நசுங்கிக் கிடந்த சின்னத் தவளைக்கு இடம் கிடைத்தது. தின்னும் விலங்கு ஒன்று வந்ததால் இன்னொன்று பிழைத்தது! அதற்கப்புறம் எந்தக் குட்டைக்குப் போனாலும், ஒரு வெள்ளைப் பேசினில் தண்ணீரை மொண்டு, தலைப்பிரட்டைகளை எண்ணுவதற்கு முன், அவற்றைத் தின்னும் தட்டான் குஞ்சு எத்தனை என்றுதான் எண்ணுவேன்.

சுங்கை பூலோவில் உப்புத் தண்ணீரில் தவளை பார்த்தேன். உண்மையா?

உண்மைதான், தம்பி. நண்டு தின்னும் தவளை அது. ரத்தத்தில் யூரியாவைச் சேர்த்துவைத்து உப்பைத் தாங்கும். அதன் தலைப்பிரட்டைகள் செய்வதோ வேறு: மீன்களைப்போல் உப்பை வெளியேற்றும்.

வாளி விளிம்பில் முட்டை வெள்ளைக்கரு அடித்ததுபோல் நுரை. கழுவிவிடலாமா?

வேண்டாம், அக்கா. நான்கு கோடு மரத்தவளையின் கூடு அது. வெளிப்புறம் காய்ந்து மேலோடுபோல் ஆகும், உள்ளே ஈரம் இருக்கும். குஞ்சுகள் கீழே தண்ணீரில் சொட்டுச் சொட்டாக விழும். பிறகு கழுவிக்கொள்ளுங்கள்.

விசாக தினத்தில் சந்தைத் தவளையை வாங்கி விடுவது புண்ணியம்தானே?

இந்தக் கேள்விதான் என்னை வருத்துகிறது. சந்தையில் விற்பது பெரும்பாலும் அமெரிக்கப் பெருந்தவளை. வாய்க்குள் போவதையெல்லாம், சின்னத் தவளைகளையும், விழுங்கும், நோயும் பரப்பலாம். பண்ணையில் வளர்ந்ததால் பல, விட்ட இடத்திலேயே செத்தும் போகும். அனுமதியில்லாமல் விலங்கை விடுவது 2020 முதல் வனவிலங்குச் சட்டப்படி குற்றமும்கூட. மனது கேட்கவில்லை என்றால், அதை வாங்காமலே இருந்துவிடுங்கள்.