பெயர்ச்சீட்டு இல்லாத பனை வகைக் கன்றுகள்: முதலில் விதையைத் தேடுங்கள்

கேள்வி: எங்கள் ஊரில் ஒரு நர்சரியை மூடிவிட்டார்கள். குப்பைக்குப் போகவிருந்த பைகளில் பன்னிரண்டு பனை வகைக் கன்றுகளை எடுத்து வந்தேன். எதிலும் பெயர்ச்சீட்டு இல்லை. சிலவற்றில் நாடா போல ஒற்றை ஓலை, சிலவற்றில் மீன் வால் போன்ற ஓலை, ஒரு பையில் மஞ்சள் காம்போடு ஏழெட்டுத் தண்டுகள். எது என்ன மரம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: நல்ல காரியம் செய்தீர்கள். ஆனால் ஓலையை மட்டும் பார்த்து முடிவு கட்டாதீர்கள். இந்த வயதில் அது ஏமாற்றும். தென்னம்பிள்ளைக்கே முதல் சில ஓலைகள் பிரியாமல் முழுசாகத்தான் வரும். பிற்பாடு விசிறியாக விரியும் பனையும் ஒற்றை நாடாவாகத்தான் தலைகாட்டும், ஈச்சையும் அப்படித்தான்.

எந்தக் கன்று கைக்கு வந்தாலும் நான் முதலில் தேடுவது விதையை. தண்டும் வேரும் சேரும் கழுத்தருகே மண்ணை விரலால் மெல்ல விலக்குங்கள். முளைத்த கொட்டை பல சமயம் அங்கேயே ஒட்டிக்கொண்டிருக்கும். நீளமாக, ஒரு பக்கம் கோடு கிழித்தது போலப் பள்ளம் இருந்தால் ஈச்சை அல்லது பேரீச்சை. தேங்காய்க்கு இருப்பது போல மூன்று கண்ணோடு கறுத்த சிறு கொட்டை என்றால் எண்ணெய்ப்பனை. தடித்த கறுப்பு நார் கிளை கிளையாகப் பின்னியிருந்தால், நரி வால் போல ஓலை அடர்ந்த அழகுப்பனையான ஃபாக்ஸ்டெயில்.

கொட்டை மக்கிப் போயிருந்தால் மடிப்பைப் பாருங்கள். ஓலை பிரிந்த கன்றில், ஓர் இலை நடுக்காம்போடு சேரும் இடத்தை உற்றுக் கவனியுங்கள். தண்ணீர் தேங்கும் வாய்க்கால் போல மேல்நோக்கி மடிந்திருக்கிறதா, வழிந்தோடும் கூரை போலக் கீழ்நோக்கி மடிந்திருக்கிறதா? ஈச்சை, கூந்தல் பனை எல்லாம் வாய்க்கால். தென்னை, பாக்கு, ராயல் பாம், ஃபாக்ஸ்டெயில் எல்லாம் கூரை. உங்கள் மீன் வால் கன்றுக்கு இது ரொம்ப உதவும். நுனி கிழித்தெடுத்தது போலப் பிசிறாக இருந்து, மடிப்பு வாய்க்காலாகவும் இருந்தால் கூந்தல் பனை இனம். பிசிறு இருந்தும் மடிப்பு கூரையானால் ஃபாக்ஸ்டெயிலாக இருக்கலாம். நுனி ஒழுங்காக இரண்டாகப் பிளந்திருப்பதை வைத்து மட்டும் எதுவும் சொல்ல முடியாது. பாக்கு உட்படப் பல வகைகளின் முதல் ஓலை அப்படித்தான் இருக்கும்.

மஞ்சள் காம்புக் கொத்து அநேகமாக மடகாஸ்கரிலிருந்து வந்த அரிக்கா பாம். பெயரைக் கேட்டு வெற்றிலைக்குப் போடும் பாக்கு என்று நினைத்துவிடாதீர்கள். கொத்தைப் பிரிக்கவும் வேண்டாம், வேர் அறுந்துவிடும்.

நாடா ஓலைக் கன்றுகளில் கொட்டை கிடைக்கவில்லை என்றால் காத்திருப்பதுதான் வழி. பனையென்றால் பின்னால் மட்டையின் ஓரத்தில் ரம்பப் பல் போலக் கருக்கு வரும். ஆனால் இடத்தை இப்போதே முடிவு செய்யுங்கள், பனை நேராக ஆழத்துக்கு வேர் இறக்குவது, பிறகு இடம் மாற்றுவது கடினம். நடும்போது மண்ணை உதறாமல் பையை மட்டும் கிழித்து, கழுத்து புதையாமல் வையுங்கள். ஒற்றைத்தண்டு வகைகளுக்கு இருப்பது ஒரே குருத்து. அது போனால் கன்றே போய்விடும். நிழலில் இருந்தவற்றைச் சட்டென்று வெயிலில் வைக்காதீர்கள்.

அப்புறம், ஈச்சை என்று தெரிந்தால் நடைபாதையை விட்டுத் தள்ளி நடுங்கள். வளர வளர மட்டையின் அடிப்பக்க இலைகளெல்லாம் முள்ளாகிவிடும்.