அப்பாவின் நுரையீரல் கெட்டுவிட்டதா?

கேள்வி: அப்பா குடியாத்தத்தில் லுங்கித் தறி போட்டிருக்கிறார்; சர்க்கரைக்கு இன்சுலின் போடுகிறவர். வாந்தி வந்து சாப்பிடாததால் இரண்டு நாள் ஊசியை நிறுத்தினோம். மூன்றாம் நாள் மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க, வேலூருக்குக் கூட்டிப்போய் ஐசியுவில் சேர்த்தோம். இப்போது வீடு திரும்பிவிட்டார். மணிக்கட்டில் எடுத்த ரத்தத்தில், அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். 7.22, கார்பன் டை ஆக்சைடு 20, பைகார்பனேட் 8. சோடியம் 134, குளோரைடு 100. கார்பன் டை ஆக்சைடு பாதியாகிவிட்டதே, நுரையீரல் கெட்டுவிட்டதா? புளி சாப்பிட்டதால் அமிலம் ஏறியதா?
— ஒரு வாசகி, குடியாத்தம்

பதில்: புளிக்கும் இதற்கும் தொடர்பு இல்லை, ரசத்தை நிறுத்த வேண்டாம். நுரையீரலும் கெடவில்லை. அன்று அப்பாவைத் தாங்கிப் பிடித்ததே அதுதான்.

இன்சுலின் இல்லாதபோது உடம்பு கொழுப்பை எரிக்கிறது. அதில் வரும் கீட்டோன் அமிலத்தை அடக்கப் பைகார்பனேட் செலவாகும்; 22-க்குக் குறையக்கூடாதது 8-க்கு இறங்கியது அப்படித்தான். உடனே மூச்சு ஆழமாகி, கார்பன் டை ஆக்சைடை வெளியே தள்ளும். எவ்வளவு தள்ள வேண்டும் என்று ஒரு கணக்கு உண்டு: பைகார்பனேட்டை ஒன்றரையால் பெருக்கி 8 கூட்டுங்கள். 12-ம் 8-ம் 20. இரண்டு முன்னே பின்னே இருக்கலாம். அப்பாவுக்கு அச்சாக 20.

நான் பயிற்சி மருத்துவராக இருந்தபோது ஒரு பீடி சுற்றும் அம்மாவுக்கு இதே நோய். பைகார்பனேட் 10, கார்பன் டை ஆக்சைடு 36. 35 முதல் 45 வரை சரியான அளவுதானே என்று அந்த எண்ணைத் தாண்டிப் போய்விட்டேன். சீனியர் டாக்டர் தாளைப் பார்த்ததுமே கட்டிலுக்கு ஓடினார். அதே கணக்குப்படி கார்பன் டை ஆக்சைடு 23-க்கு இறங்கியிருக்க வேண்டும். அந்த அம்மா மூச்சுவிட்டே களைத்துப் போயிருந்தார். கழுத்து நரம்பு புடைக்க, பேச்சு ஒவ்வொரு சொல்லாகத்தான் வந்தது. அதிலிருந்து, தாளில் தவறு என்று குறியிடாத எண்ணைத்தான் முதலில் பார்க்கிறேன்.

அப்புறம், சோடியத்திலிருந்து குளோரைடையும் பைகார்பனேட்டையும் கழித்தால் 26 வருகிறது. வழக்கமாக 12-ஐ ஒட்டித்தான் இருக்கும். கூடுதலாக இருப்பது கீட்டோனின் இடம். பேதியில் பைகார்பனேட் போனால் குளோரைடு ஏறி ஈடுகட்டிவிடும், இந்த இடைவெளி விரியாது.

இனி வாந்தி வந்தாலும் ஊசியை நீங்களாக நிறுத்தாதீர்கள். எவ்வளவு போடுவது என்று டாக்டரிடம் கேளுங்கள். மறுபடி அந்த மூச்சு, வாயில் பழவாடை என்றால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம், அந்த நேரமே கிளம்புங்கள்.