அதிகம் தின்றும் வளராத புழு

அன்புள்ள ஐயா,

ஒரே முட்டைக் குவியலில் பிறந்த கம்பளிப்புழுக்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குத் தளிரும் மறு பாதிக்கு முற்றிய இலையும் கொடுத்தேன். முற்றிய இலைக்காரர்கள்தான் அதிகம் தின்றார்கள். ஆனால் தளிர் தின்றவைதான் வேகமாகப் பெருத்தன. பிடித்ததைத்தானே அதிகம் தின்னும்? பிறகு ஏன் வளரவில்லை?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

அருமையான சோதனை. தின்ற அளவு வேறு, விருப்பம் வேறு. முற்றிய இலையில் சத்து போதாததால்தான் அவை அவ்வளவு தின்றிருக்கும். பூச்சி உடலின் உலர் எடையில் ஏறக்குறைய 10 சதவீதம், புரதத்தில் இருக்கும் நைட்ரஜன். இலையிலோ பெரும்பாலும் 1 முதல் 4 சதவீதம்தான். முற்ற முற்ற அதுவும் குறைகிறது; தண்ணீர் குறைகிறது, நார் ஏறுகிறது. தேவையான புரதம் சேரும்வரை புழு மென்றுகொண்டே இருக்க வேண்டியதுதான்.

இங்கிலாந்தின் ஓக் மரங்களில் பால் ஃபீனி என்ற ஆய்வாளர் இதை ஆராய்ந்து 1970இல் எழுதினார். வசந்தத்தில் தளிர் விடும்போதே அந்துப்பூச்சிப் புழுக்கள் அவசரமாகத் தின்று முடிப்பது ஏன் என்பதுதான் கேள்வி. கோடை நெருங்க இலை தடிக்கிறது, டானின் என்ற துவர்ப்புப் பொருள் கூடுகிறது. டானின் புரதத்தைப் பிடித்துக்கொண்டு செரிக்கவிடாது என்று அப்போது நம்பினார்கள். ஆனால் பல புழுக்களின் குடல் கடும் காரத்தன்மை (அமிலத்துக்கு நேரெதிர்) உள்ளது. அங்கே அந்தப் பிடி தளர்ந்துவிடும். சில டானின்கள் அங்கே ஆக்ஸிஜனேற்றம் அடைந்து குடலைத் தாக்குகின்றன என்பதே இன்று வலுவான விளக்கம்.

சரி, இலையில் இருக்கும் நஞ்சு? அதுவும் எல்லாருக்கும் நஞ்சு இல்லை. கடுகுக் குடும்பச் செடிகளின் உறைப்புப் பொருள் பல பூச்சிகளை விரட்டும். முட்டைக்கோஸ் வெள்ளை வண்ணத்துப்பூச்சியின் புழுவுக்கோ அதுதான் 'தின்னு' என்ற அழைப்பு. வழக்கமாகத் தொடாத இலையில் அந்தப் பொருளைத் தடவினாலும் தின்னும் என்று 1910லேயே வெர்ஷாஃபெல்ட் என்ற ஆய்வாளர் காட்டிவிட்டார்.

எனக்கு இவை எல்லாவற்றையும்விட முக்கியமாகத் தோன்றுவது தாமதம். புழு கடித்த தக்காளிச் செடி, புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருளைக் கடிபடாத இலைகளிலும் உண்டாக்கும். புழு உடனே சாகாது, மெதுவாக வளரும். சின்னப் புழுவாகவே பல நாள் கிடந்தால், புழுவின் உடலில் முட்டையிடும் ஒட்டுண்ணிக் குளவிகளிடம் சிக்கும் வாய்ப்பும் கூடலாம்.

அடுத்த முறை, தின்ற இலை, எச்சம், புழு மூன்றையும் உலர்த்தி எடை போடுங்கள். தளிரில் தண்ணீர் அதிகம். பச்சை எடை ஏமாற்றிவிடும். ஒரே செடியில் திரும்பத் திரும்பப் பறிக்காதீர்கள், பறிப்பதும் செடிக்குக் காயம்தான்.