தம்பியின் தொழிலுக்கு ஐந்து லட்சத்துக்குள் சிறிய வேன் எது வாங்கலாம்?

கோபிசெட்டிபாளையத்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள். தம்பி தொழில் தொடங்குகிறான், பட்ஜெட் ஐந்து லட்சம், நல்ல வேன் ஒன்று சொல்லுங்கள் என்று இரண்டே வரி. என்ன சரக்கு, எந்தப் பாதை, யார் ஓட்டுவது என்று ஒரு சொல்லும் இல்லை. பணம் உங்களுடையது, வண்டி அவன் பெயரில் என்று ஊகிக்கிறேன். அவன் பணமாக இருந்தால் கேள்வியையும் அவனே கேட்டிருப்பான். அந்த இடத்தில் நானும் நின்றிருக்கிறேன் என்பதால் எழுதுகிறேன்.

நான் எந்த வண்டி நிறுவனத்துக்கும் ஆள் இல்லை. பெருந்துறையில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். மெக்கானிக்கும் இல்லை. "கடைக்காரனுக்கு வண்டியைப் பற்றி என்ன தெரியும்" என்று கேட்க வருகிறவர்களுக்கு ஒன்று: தினமும் என் கடை வாசலில் சரக்கு இறக்குகிற வண்டிகளை நான் பார்க்கிற அளவுக்கு ஷோரூம்காரர் பார்ப்பதில்லை.

என் அக்கா மகள் இட்லி மாவு அரைத்துக் கடைகளுக்குப் போடுகிறாள். பெருந்துறை, விஜயமங்கலம், ஊத்துக்குளி, குன்னத்தூர், சென்னிமலை என்று ஒரு சுற்று. ஆரம்பத்தில் ஸ்கூட்டரில் போட்டாள். பிறகு கூட்ஸ் ஆட்டோ வாடகைக்குப் பிடித்தாள். ஆட்டோக்காரர் நல்லவர்தான், ஆனால் அவருக்கு முகூர்த்த நாளில் பந்தல் சாமான் லோடு வந்துவிட்டால் இவளுடைய மாவு நினைவில் இருக்காது. பங்குனி, சித்திரையில் ஒரு மணி நேரம் தாமதமானால் பாக்கெட் பலூன் போல உப்பிவிடும். உப்பிய பாக்கெட்டை எந்தக் கடைக்காரரும் வாங்கமாட்டார், தாய்மாமனான நான் உட்பட.

ஆகவே சொந்த வண்டி என்று முடிவானது. முடிவானதும் வீட்டில் ஆளுக்கொரு வண்டி. அக்கா வீட்டுக்காரருக்கு வெள்ளைப் போர்டு மாருதி ஈக்கோ வேன் வேண்டும்: "வாரத்தில் ஆறு நாள் மாவு, ஏழாம் நாள் பழனி. ஒரே செலவு, மாப்பிள்ளை." அவருடைய பங்காளி ஒருவர் ஈரோட்டுக்குத் துணி லோடு அடிக்கிறவர். அவருக்குக் குட்டி யானையை விட்டால் உலகத்தில் வண்டியே இல்லை. அக்கா, "எது வாங்கினாலும் முன்னால் ராசியான நம்பராக இருக்கட்டும்" என்றாள். மாவு அரைக்கிறவளை யாரும் கேட்கவில்லை.

நான் அவளைக் கடைக்கு வரச் சொன்னேன். மாவு நிரம்பிய ஒரு கிரேட்டை என் தராசில் ஏற்றினோம். ஒரு கிலோ பாக்கெட் இருபது, கிரேட்டோடு சேர்த்து இருபத்திரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் கூடுதல். ஒரு நடைக்கு அதிகபட்சம் பதினெட்டு கிரேட். ஆக நானூறு கிலோவை ஒட்டி. இதைக் காகிதத்தில் எழுதிப் பார்த்த பிறகுதான் பேச்சே ஒழுங்காக நடந்தது. உங்கள் தம்பியையும் முதலில் இதைச் செய்யச் சொல்லுங்கள். எடை மட்டும் போதாது, சரக்கு எவ்வளவு இடத்தை அடைக்கும், எதற்குக் கெடும் என்பதும் வேண்டும். சென்னிமலைப் போர்வைக்கும் பவானி ஜமக்காளத்துக்கும் எடையைவிட அடைக்கும் இடம்தான் கணக்கு. திறந்த தொட்டியில் உயரமாக அடுக்கித் தார்ப்பாய் போட்டுக் கட்டலாம். காங்கேயத்துத் தேங்காய்ப் பருப்புக்கு எடைதான் கணக்கு. முட்டைக்கு அதிர்வு. தாளவாடி முட்டைக்கோஸ் என்றால் திம்பம் மலையின் 27 கொண்டை ஊசி வளைவுகள். அங்கே எஞ்சினின் இழுவையைப் பார்க்காமல் விலையைப் பார்ப்பவன் பண்ணாரியிலேயே நிற்க வேண்டியதுதான்.

குட்டி யானையை நான் குறைத்துச் சொல்வதாக நினைக்க வேண்டாம். டாடா ஏஸ் 2005இல் வந்தபோது 702 சி.சி., இரண்டே சிலிண்டர் டீசல் எஞ்சின். அதை வைத்துக்கொண்டு எத்தனையோ பேர் இந்தப் பக்கம் முதலாளி ஆனார்கள். 2025 ஜூனில் ஏஸ் புரோ என்று ஒன்றை 3.99 லட்சத்துக்கு இறக்கினார்கள். 750 கிலோ ஏற்றலாம். அதே ஆண்டு செப்டம்பர் 22 முதல் சரக்கு வண்டிகளுக்கான ஜி.எஸ்.டி. 28இலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. உங்கள் ஐந்து லட்சத்தில் புதிதாகவே கிடைக்கும், பாக்கி தார்ப்பாய்க்கும் காப்பீட்டுக்கும் ஆகும். மாருதி சூப்பர் கேரியும் இதே ரகம்: 1.2 லிட்டர் பெட்ரோல், சுமார் 740 கிலோ. அதன் சி.என்.ஜி. வண்டியில் சிலிண்டரின் கனத்தால் ஏற்றும் அளவு 625 கிலோவாகக் குறைகிறது. சி.என்.ஜி. மலிவு என்று தாவுகிறவர்கள் இதையும், தங்கள் சுற்றுப்பாதையில் பங்க் இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். எரிவாயு நிரப்ப ஊரைச் சுற்றிக்கொண்டு போனால் மலிவு எங்கே இருக்கிறது? ஒரு டன்னுக்கு மேல் என்றால் அசோக் லேலண்டு தோஸ்த் மாதிரி வண்டிகள், ஆனால் அது உங்கள் பட்ஜெட்டில் வராது.

எங்கள் சரக்கு மாவு. திறந்த தொட்டியில் வெயிலும் புழுதியும். மேலே கூண்டு கட்டலாம் என்றார் பங்காளி. கட்டலாம், ஆனால் அதற்குத் தனிச் செலவு, அந்தக் கூண்டின் கனமும் ஏற்றும் எடையில்தான் கழியும். நான் சொன்னது ஈக்கோ கார்கோ. 2010இல் வந்த ஈக்கோவின் சரக்கு வடிவம். மூடிய உடல், தரை தாழ்வு, பக்கவாட்டில் தள்ளு கதவு. அரை டன்னுக்குத் தாராளம். தாழ்ந்த தரை என்பதை ஆண்கள் யாரும் பொருட்படுத்தவில்லை. நாள் முழுவதும் இருபத்திரண்டு கிலோ கிரேட்டைத் தூக்கி இறக்குகிறவளின் இடுப்புக்குத் தெரியும் அது என்ன என்று. தள்ளு கதவு குறுகலான கடை வீதியில் எவ்வளவு உதவும் என்பது பின்கதவை மேலே தூக்கித் திறக்க இடமில்லாமல் திட்டு வாங்கியவர்களுக்குத் தெரியும். குறையும் உண்டு: எஞ்சின் முன் இருக்கைக்கு அடியில், சித்திரை மதியத்தில் உட்கார முடியாது. எங்கள் ஓட்டம் விடியற்காலையில் முடிந்துவிடும் என்பதால் பொறுத்துக்கொண்டோம். கூரையின் உட்புறம் தெர்மோகோல் பலகை ஒட்டினோம்; அதற்குப் பிறகு மாவு உப்பிய புகார் குறைந்தது. மொத்தமாக நின்றுவிட்டது என்று பொய் சொல்லமாட்டேன்.

சண்டை வந்தது போர்டில். ஐந்து இருக்கை வெள்ளைப் போர்டு வண்டியை வாங்கிப் பின் இருக்கையைக் கழற்றிவிட்டுச் சரக்கு ஏற்றுவது நம் ஊரில் பாதிப் பேர் செய்வதுதான். மச்சான் அதைத்தான் சொன்னார். சொந்தக் கார் காப்பீட்டுப் பத்திரத்தை எடுத்துப் படித்துப் பாருங்கள்: வாடகைக்கும் சரக்கு ஏற்றவும் அது செல்லாது; மாதிரிப் பொருளும் சொந்தப் பெட்டி படுக்கையும் மட்டுமே விதிவிலக்கு. மாவோடு போய் மோதினால் இழப்பீடு கேட்கப் போகும்போது முதல் கேள்வி, "பின்னால் என்ன இருந்தது?" இருக்கையைக் கழற்றுவதே ஆர்.சி. புத்தகத்தில் இல்லாத மாற்றம். "ஊரே ஓட்டுகிறது, நமக்கு மட்டும் என்ன" என்றார் மச்சான். ஊரே ஓட்டட்டும், என் பணத்தில் வேண்டாம் என்றேன். கொஞ்ச நாள் என்னோடு பேசவில்லை.

மஞ்சள் போர்டு என்றதும் ஏதோ பெரிய தலைவலி என்று பயப்படுகிறார்கள். வண்டியும் சரக்கும் சேர்ந்த மொத்த எடை 3,000 கிலோவுக்குள் இருந்தால் சரக்கு வண்டிக்குப் பெர்மிட் தேவையில்லை, மோட்டார் வாகனச் சட்டத்திலேயே விலக்கு இருக்கிறது. எஃப்.சி., அதாவது வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்று, முதல் எட்டு ஆண்டுகள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, பிறகு ஆண்டுதோறும். அவ்வளவுதான். "பேட்ஜ் இல்லாமல் பெண்பிள்ளை எப்படி ஓட்டுவாள்" என்று இன்னொரு குரல். பேட்ஜ் என்பது வணிக வண்டி ஓட்டத் தனியாக வாங்கும் அனுமதி. இலகுரக வாகன உரிமம் இருந்தால் 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியையும் ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017இல் சொன்னது, 2024 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வு அதையே உறுதி செய்தது. அவளிடம் உரிமம் இருந்தது. அவள் என்னிடம், "மாமா, பேட்ஜ் கேட்பவர்கள் யாரும் காலை நான்கு மணிக்கு எழுந்து எனக்குப் பதிலாக ஓட்ட வரப்போவதில்லை" என்றாள். அதற்கு மேல் யாரும் பேசவில்லை.

இன்னொன்று, இதை ஷோரூமில் சொல்லமாட்டார்கள். தம்பிக்கு முறையான ஜி.எஸ்.டி. பதிவு இருந்தால், சரக்கு வண்டிக்குக் கட்டிய வரியைத் தொழிலின் வரியில் கழித்துக்கொள்ளலாம். அதே வண்டி பயணிகள் வண்டியாகப் பதிவானால் அந்தச் சலுகை இல்லை. சிறு வியாபாரிகளுக்கான தொகுப்புத் திட்டத்தில் (காம்போசிஷன்) இருந்தாலும் இல்லை. ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாங்குங்கள், என் பேச்சை நம்பி வேண்டாம்.

கடன் வாங்குவதாக இருந்தால் பிளாட் வட்டியில், அதாவது அசல் குறையக் குறையவும் முழுத் தொகைக்கே போடும் வட்டியில், ஏமாறாதீர்கள். எங்களுக்கு ஒரு நிதி நிறுவனம் "எட்டு சதவீதம்தான்" என்றது, வங்கி "பத்து" என்றது. அக்கா எட்டுக்கே போகலாம் என்றாள். நான்கு லட்சம், ஐந்து ஆண்டு என்று வையுங்கள். எட்டு சதவீத பிளாட் என்றால் மாதத் தவணை 9,333 ரூபாய். பத்து சதவீதம், குறைந்துவரும் நிலுவைக்கு என்றால் சுமார் 8,500. அந்த எட்டின் உண்மையான பெயர் பதினான்கு. கடைக் கணக்கு எழுதிய கைக்கு இது ஐந்து நிமிட வேலை, ஆனால் கோட் போட்டவர் சொன்னால் எட்டு எட்டாகத்தான் கேட்கிறது.

முன்பணம் நான்தான் கொடுத்தேன். தாய்மாமன் என்றால் காது குத்தில் தொடங்கிக் கடைசி வரை சீர் வைக்க வேண்டியவன், அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் வண்டிக்குப் பூஜை போட்ட அன்று ரிப்பன் வெட்ட மச்சானின் பங்காளியை அழைத்தார்கள். குட்டி யானைதான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்ற அதே ஆள். அவர் கையில் கத்தரிக்கோல், என் கையில் தேங்காய். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். நான் நல்ல மனதோடு செய்ததைச் சொல்லிக் காட்டுகிறேன் என்று யாராவது எழுத வருவார்கள்; எழுதட்டும், போட்டோவில் நான் பாதி வெட்டுப்பட்டு நிற்பதைப் பார்த்துவிட்டு எழுதட்டும். கிடாய் விருந்துக்கு ஆள் ஏற்றிப்போக இதே வண்டியைக் கேட்டார்கள். சரக்கு வண்டியில் ஆள் ஏற்றக் கூடாது, விபத்தில் அவர்களுக்குக் காப்பீடும் கிடையாது என்று அவளே மறுத்துவிட்டாள். அதற்கும் பழி என்மேல்தான் விழுந்தது.

புதிது வேண்டாம், பழையதே போதும் என்று உங்கள் தம்பி சொன்னால் அதுவும் தவறில்லை. ஆம்னி 2019இல் நின்றுவிட்டது, ஆனாலும் நல்லதாகச் சில இன்னும் கைமாறுகின்றன. விலை பேசும் முன் ஆர்.சி.யில் கடன் குறிப்பு இருக்கிறதா பாருங்கள். இருந்தால் கடன் கொடுத்தவரின் தடையின்மைச் சான்றும் கடன் குறிப்பை நீக்கும் படிவம் 35உம் கைக்கு வராமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். எஃப்.சி. எப்போது முடிகிறது, அபராதம் ஏதும் நிலுவையில் இருக்கிறதா என்பதைப் அரசின் பரிவாகன் இணையதளத்தில் வண்டி எண்ணைப் போட்டுப் பார்க்கலாம். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. "கையெழுத்து மட்டும் போட்டுத் தருகிறேன், மாற்றுவதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று விற்பவர் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். ஓட்டிப் பார்க்கும்போது காலி வண்டியை ஓட்டாதீர்கள், தம்பியின் சரக்கையே ஏற்றிக்கொண்டு போங்கள். விற்பவர் அதற்கு ஒத்துக்கொள்ளாவிட்டால் அந்த வண்டி வேண்டாம்.

சரக்கு என்ன, ஒரு நடைக்கு எத்தனை கிலோ என்று எழுதுங்கள். கோபி பக்கம் வெல்லமா, வாழைத்தாரா, பட்டுக்கூடா? அது தெரிந்தால் வண்டியின் பெயரையே சொல்லிவிடுவேன்.