'கைடிங் லைட்' ஏன் அணைந்தது? பகல் நேரத் தொடர்களின் ரேட்டிங் சரிவு: கேள்வி பதில்

அமெரிக்காவில் 1937 ஜனவரி 25 அன்று வானொலியில் தொடங்கி, 1952 ஜூன் 30 முதல் சிபிஎஸ் தொலைக்காட்சிக்கும் வந்து, 2009 செப்டம்பர் 18 அன்று முடிந்துபோன 'கைடிங் லைட்' தொடரைப் பற்றியும், அதன் பார்வையாளர்கள் தேய்ந்த விதத்தைப் பற்றியும் நண்பர்கள் கேட்டிருந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். ஒரே பொருளைக் கேட்ட கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: 72 ஆண்டுகள் ஓடிய தொடரை ரேட்டிங் இல்லை என்று நிறுத்தினார்கள். கதை அவ்வளவு மோசமாகிவிட்டதா?

கதையில் சறுக்கல்கள் இருந்தன என்பதை மறுக்க முடியாது. 1998இல் ரீவா என்ற நாயகியைக் குளோனிங் முறையில் இன்னொருத்தியாக உருவாக்கி உலவவிட்டபோது, பல ஆண்டுகள் விடாமல் பார்த்தவர்களே தலையில் அடித்துக்கொண்டார்கள். ஆனால் சரிவுக்கு அதுதான் காரணம் என்றால், நன்றாக எழுதப்பட்ட மற்றத் தொடர்கள் தப்பித்திருக்க வேண்டுமே! 1980களின் இறுதியிலிருந்து முதலிடத்தை விடாமல் வைத்திருக்கும் 'த யங் அண்ட் த ரெஸ்ட்லெஸ்' கூட அதே காலத்தில் ஆண்டுதோறும் பார்வையாளர்களை இழந்துகொண்டுதான் வந்தது. முதலிடம் மாறவில்லை, முதலிடத்தின் உயரம் குறைந்தது.

பகலில் வீட்டில் இருந்து பார்க்க ஆளில்லாமல் போனது என்பதே என் முதல் பதில். 1950இல் அமெரிக்கப் பெண்களில் சுமார் 34 சதவீதம் பேர் வேலைக்குச் சென்றார்கள். 2000ஆம் ஆண்டில் அது 60 சதவீதத்தை எட்டியது. இத்தொடர்கள் ஒருவர் தம் மகளுக்குப் பழக்கிவிட்டு, அந்த மகள் தன் மகளுக்குப் பழக்கிவிட்டு வளர்ந்தவை. பள்ளி விட்டு வந்த பெண் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, "இவள் யார், அவனோடு ஏன் பேசவில்லை?" என்று கேட்டுக் கேட்டுத்தான் கதைக்குள் நுழைந்தாள். அம்மா அலுவலகத்தில் இருக்கும்போது அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வீட்டில் யாரும் இல்லை.

கேள்வி: ரேட்டிங், ஷேர் என்று இரண்டு எண்களைச் சொல்கிறார்களே, என்ன வேறுபாடு?

தொலைக்காட்சி உள்ள 100 வீடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். பிற்பகல் 3 மணிக்கு அவற்றில் 30 வீடுகளில் மட்டுமே பெட்டி ஓடுகிறது. அந்த 30இல் 6 வீடுகள் நம் தொடரைப் பார்க்கின்றன. ரேட்டிங் 6, ஷேர் 20. முன்னது மொத்த வீடுகளின் கணக்கு, பின்னது பெட்டி ஓடும் வீடுகளின் கணக்கு.

இங்கே பலர் ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு. பழைய ரேட்டிங்கையும் புதிய ரேட்டிங்கையும் அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிடக் கூடாது. 1952இல் அமெரிக்காவில் தொலைக்காட்சி இருந்த வீடுகள் சுமார் ஒன்றரைக் கோடி. 2009இல் அது 11 கோடியைத் தாண்டிவிட்டது. ஆகவே அன்றைய 10 புள்ளி என்பது 15 லட்சம் வீடுகள், 2009இன் ஒன்றரைப் புள்ளி அதைவிடச் சற்றே அதிகமான வீடுகள். உண்மையான வீழ்ச்சியை அளக்க வேண்டுமானால் 1980களின் தொடக்கத்தோடுதான் ஒப்பிட வேண்டும். 1981 நவம்பரில் 'ஜெனரல் ஹாஸ்பிடல்' என்ற இன்னொரு பகல் தொடரில் லூக், லாரா என்ற பாத்திரங்களின் திருமணத்தைச் சுமார் 3 கோடிப் பேர் பார்த்தார்கள். 'கைடிங் லைட்' தன் கடைசி ஆண்டில் வைத்திருந்தது ஏறத்தாழ 20 லட்சம் பேரை.

கேள்வி: ரேட்டிங்கை அளக்கும் நீல்சன் நிறுவனத்தின் கணக்கே தவறு, அலுவலகத்திலும் கல்லூரியிலும் பார்த்தவர்களை அது எண்ணவில்லை என்று ரசிகர்கள் சொன்னார்களே?

பாதி சரி. 1987இல் வந்த பீப்பிள் மீட்டர் கருவியில் வீட்டிலுள்ள ஒவ்வொருவருக்கும் தனிப் பொத்தான் உண்டு. பெட்டியின் முன் உட்காரும்போது தம் பொத்தானை அழுத்த வேண்டும். எழுந்து போகும்போது மறுபடி அழுத்த வேண்டும். அடுப்பில் எதையோ வைத்துவிட்டு வந்து பார்ப்பதும், நடுவில் எழுந்து போவதுமாக இருக்கும் பகல் நேரப் பார்வையாளர் எத்தனை முறை ஒழுங்காக அழுத்தியிருப்பார் என்று எனக்கும் ஐயம் உண்டு. கல்லூரி விடுதிகளில் பொது அறைப் பெட்டியின் முன் கூடியவர்களும் கணக்கில் வரவில்லை; வீட்டை விட்டு வெளியே தங்கிப் படிக்கும் மாணவர்களை நீல்சன் சேர்த்துக்கொண்டது 2007இல்தான்.

ஆனால் அந்த விடுபடல் 1981இலும் இருந்தது. எல்லா ஆண்டுகளிலும் ஒரே மாதிரி குறைவாக அளந்த தராசும் சரிவைச் சரிவாகத்தான் காட்டும்.

கேள்வி: முன்னாள் கால்பந்து வீரர் ஓ. ஜே. சிம்ப்சன் மீதான கொலை வழக்குதான் பகல் தொடர்களைக் கொன்றது என்கிறார்களே?

1995இல் மாதக்கணக்கில் நடந்த அந்த விசாரணையின் நேரலை, பகல் தொடர்களின் நேரத்தைத் தின்றது உண்மை. தினமும் பார்க்கும் பழக்கம் அறுந்தவர்களில் ஒரு பகுதியினர் திரும்பவே இல்லை. இருந்தாலும் நான் இதற்கு இரண்டாம் இடமே கொடுப்பேன். சரிவு அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது. வழக்கு அதை விரைவாக்கியது, அவ்வளவே.

கேள்வி (எடிசன், நியூஜெர்சி): பீபாக் ஊர் வழியாக அடிக்கடிப் போகிறேன். அங்கே இந்தத் தொடரைப் படம்பிடித்தார்களாமே?

ஆம், 2008இல். அதுவரை நியூயார்க் அரங்கில் மூன்று பெரிய கேமராக்களை நிறுத்தி, மூன்று சுவர் மட்டும் உள்ள செட்டுகளில் எடுத்துவந்தார்கள். செலவைக் குறைப்பதற்காக, கையில் ஏந்தும் சிறிய டிஜிட்டல் கேமராக்களோடு பீபாக்கின் உண்மையான வீடுகளுக்கும் தெருக்களுக்கும் போனார்கள். தொடரில் வரும் ஸ்பிரிங்ஃபீல்டு என்ற கற்பனை ஊருக்கு வானமும் மரங்களும் கிடைத்தன. ஆனால் கேமரா ஆடியது, காற்று ஒலி வசனத்தை விழுங்கியது, குளிரில் நடிகர்கள் பேசும்போது வாயிலிருந்து புகை வந்தது. பழைய ரசிகர்கள் தம் வரவேற்பறை போலப் பழகியிருந்த ஒளியும் அமைதியும் ஒரே வாரத்தில் போய்விட்டன. என் கருத்தில் அந்த முயற்சி தைரியமானது. பத்தாண்டுகள் முன்னதாகச் செய்திருந்தால் பழகியிருப்பார்கள்.

கேள்வி: எல்லாத் தொடர்களும் சரிந்தன என்றால் சில மட்டும் எப்படிப் பிழைத்தன?

ரேட்டிங் தனியாக ஒரு தொடரைக் கொல்வதில்லை. இந்த ரேட்டிங்குக்கு இவ்வளவு செலவா என்று ஒருவர் கணக்குப் போடும் நாளில்தான் முடிவு வருகிறது. நடிகர் பட்டாளம், எழுத்தாளர் குழு, செட்டுகள் என்று ஆண்டுக்குச் சுமார் 250 பகுதிகள் எடுக்கும் தொடரின் இடத்தில், ஒரே செட்டில் ஒரே நாளில் பல பகுதிகளை எடுத்து முடிக்கக்கூடிய விளையாட்டு நிகழ்ச்சி ஏறத்தாழ அதே பார்வையாளர்களைப் பிடித்துக் கொடுத்தால் போதும். 'கைடிங் லைட்' இடத்துக்கு வந்தது 'லெட்ஸ் மேக் எ டீல்' என்ற பரிசு விளையாட்டு.

இரண்டாவது, சிபிஎஸ் நிகழ்ச்சிகளை அந்தந்த ஊரில் ஒளிபரப்பும் உள்ளூர் நிலையங்கள். சிபிஎஸ் இதற்கென வைத்திருந்தது பிற்பகல் 3 மணி. பல நிலையங்கள் அந்த நேரத்தை வேறு நிகழ்ச்சிக்குக் கொடுத்துவிட்டு இதைக் காலைக்குத் தள்ளின. நியூயார்க்கில் சிபிஎஸ்ஸின் சொந்த நிலையமே காலை 10 மணிக்குப் போட்டது. பார்க்க விரும்பியவருக்கும் எட்டாத நேரத்தில் போட்டுவிட்டு, பார்ப்பதில்லை என்று எண்ணிக் காட்டினால் தொடர் என்ன செய்யும்?

மூன்றாவது, உரிமையாளர். இத்தொடர் பிராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனத்தின் சொத்து. துணி சோப்பு விற்பதற்காக வானொலிக் கதைகளுக்குப் பணம் கொடுத்த இத்தகைய நிறுவனங்களால்தான் 'சோப் ஒபேரா' என்ற பெயரே வந்தது. சோப்பு வாங்குகிறவரை வேறு வழிகளில் மலிவாகச் சென்றடைய முடிந்தபோது, தொடரைத் தாங்க அவர்களுக்குக் காரணம் குறைந்தது. அவர்களுடைய 'ஆஸ் த வேர்ல்ட் டர்ன்ஸ்' தொடரும் 54 ஆண்டுகள் ஓடி, 2010 செப்டம்பர் 17 அன்று முடிந்தது. மாறாக, 'த போல்டு அண்ட் த பியூட்டிஃபுல்' அரை மணி நேரம்தான். இத்தாலி உட்படப் பல நாடுகளில் விற்பனையாகிறது. உள்ளூரில் சரிந்தாலும் வெளிநாட்டுப் பணம் தாங்குகிறது.

கேள்வி: நல்ல தயாரிப்பாளர் ஒருவர் வந்திருந்தால் காப்பாற்றியிருக்க முடியாதா?

1978இல் அப்படிக் காப்பாற்ற முடிந்தது. மூடப்படும் நிலையிலிருந்த 'ஜெனரல் ஹாஸ்பிட'லை ஏற்ற குளோரியா மான்ட்டி காட்சிகளின் வேகத்தைக் கூட்டி, இளையவர்களை நடுவில் வைத்து முதலிடத்துக்குக் கொண்டுவந்தார். ஆனால் அப்போது மற்றத் தொடர்களைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களை இழுத்தால் போதும். 2008இல் இழுக்க வேண்டியவர் அந்நேரத்தில் தொலைக்காட்சி முன்னாலேயே இல்லை.

கேள்வி: இணையத்துக்கு மாற்றியிருக்கலாமே?

'ஆல் மை சில்ட்ரன்', 'ஒன் லைஃப் டு லிவ்' இரண்டையும் 2013இல் இணையத்தில் உயிர்ப்பித்தார்கள்; அந்த ஆண்டைத் தாண்டவில்லை. 'டேஸ் ஆஃப் அவர் லைவ்ஸ்' 2022 செப்டம்பரில் என்பிசி தொலைக்காட்சியை விட்டுப் பீகாக் என்ற இணையத் தளத்துக்குப் போய் இன்றும் ஓடுகிறது. சந்தா கட்டிப் பார்க்கும் இடத்தில் அந்தந்த நாளின் ரேட்டிங் பெரிதில்லை, விட்டுப்போகாத ரசிகரே பெரிது. அத்தகைய ரசிகர் இவ்வகைத் தொடர்களுக்கு எப்போதும் உண்டு.

கேள்வி: அப்படியானால் சிபிஎஸ் போன்ற தொலைக்காட்சி நெட்வொர்க்கில் இனிப் புதிய பகல் தொடரே வராதா?

வந்துவிட்டது. 2010இல் 'ஆஸ் த வேர்ல்ட் டர்ன்ஸ்' இடத்தைப் பிடித்த 'த டாக்' என்ற அரட்டை நிகழ்ச்சி 2024 டிசம்பரில் நின்றது. அந்த இடத்தில் 2025 பிப்ரவரி 24 முதல் சிபிஎஸ் ஒளிபரப்புவது 'பியாண்ட் த கேட்ஸ்' என்ற புதிய தொடர். வசதியான கறுப்பினக் குடும்பம் ஒன்றை நடுவில் வைத்த கதை. தயாரிப்பில் பங்குதாரர்களுள் ஒருவர் யார் தெரியுமா? அதே பிராக்டர் அண்ட் கேம்பிள்தான்.