குழந்தைகளை என் ஊருக்கு அழைத்துச் செல்லலாமா?

கேள்வி: பெங்களூரு வைட்ஃபீல்டில் ஒரு வீட்டில் நான்கு ஆண்டுகளாக ஆயாவாக இருக்கிறேன். பெண்ணுக்கு 9 வயது, பையனுக்கு 5. பெற்றோர் ஆளுக்கொரு ஊரில் இருக்கிறார்கள். மாதத்தில் இரண்டு நாள் வந்தால் அதிகம். பையனுக்குக் காய்ச்சல் கொதித்த இரவில்கூட இருவரும் போனை எடுக்கவில்லை. செலவுக்குத் தாயின் ஏடிஎம் கார்டு என்னிடம் இருக்கிறது. மூன்று மாதச் சம்பளம் பாக்கி. குழந்தைகளைத் திருப்பத்தூரில் என் வீட்டுக்கு அழைத்துச் சென்றுவிடலாமா? அவர்களின் பாட்டி ஓசூரில் இருக்கிறார்.

பதில்: கூடாது. பெற்றோர் எப்படிப்பட்டவர்கள் என்பதை விட்டுவிடுங்கள். காவல் நிலையத்தில் கேட்கப்போவது, அவர்களின் சம்மதம் இருந்ததா என்பது மட்டுமே. இல்லையென்றால், இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 137ஆம் பிரிவின்படி அது ஆட்கடத்தல். 7 ஆண்டுகள் வரை சிறை. என்னிடம்தானே ஒப்படைத்தார்கள் என்று நீங்கள் வாதிடலாம். ஆனால் அவர்கள் ஒப்படைத்தது அந்த வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளத்தான். 'உடனே கொண்டுவந்து விடு' என்று தாய் ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்பினால் அந்த வாதமும் போய்விடும். குழந்தைகளே விரும்பி வந்தார்கள் என்பதும் இந்த வயதில் எடுபடாது.

நீங்கள் கவனிக்காத ஆபத்து அந்தக் கார்டு. சம்பளம் கேட்ட வாரத்திலேயே வளையலைக் காணோம், பணம் குறைகிறது என்று புகார் கொடுக்கப்பட்டு, வேலையாள் செய்த திருட்டு என்ற, அதே சட்டத்தின் 306ஆம் பிரிவில் சிக்கியவர்கள் என்னிடம் வந்திருக்கிறார்கள். பால், மருந்துக்கு எடுத்த பணத்துக்குக்கூட அவர்களிடம் ஒரு சீட்டு இருந்ததில்லை. இன்னொன்று, 2015ஆம் ஆண்டு சிறார் நீதிச் சட்டத்தின் 75ஆம் பிரிவு, வேண்டுமென்றே குழந்தையைப் புறக்கணிக்கும் பெற்றோரை மட்டுமல்ல, குழந்தையைத் தம் பொறுப்பில் வைத்திருக்கும் எவரையும் பிடிக்கும். கோபத்தில் நீங்கள் இரவோடு இரவாகக் கிளம்பி, பையனுக்கு ஏதாவது ஆகிவிட்டால், வழக்கில் முதலில் நிற்கப்போவது நீங்கள்தான்.

குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குச் சொல்லலாம், குழந்தைகள் நலக் குழு விசாரிக்கும். ஆனால் விசாரணை முடியும்வரை குழந்தைகள் இருவரையும் காப்பகத்துக்கு அனுப்பவும் கூடும் என்பதை அறிந்தே அழையுங்கள். காப்பாளராக நியமிக்கக் கோரி 1890ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் குடும்ப நீதிமன்றம் செல்லப் பாட்டிக்குத்தான் வலு அதிகம். எனவே அவரை வரவழைத்து, அவர் முன்னிலையில் சமரசம் பேசுங்கள். பாக்கியில் ஒரு மாதச் சம்பளத்தை விட்டுக்கொடுக்க நேர்ந்தாலும் ஒப்புக்கொள்ளுங்கள். கார்டையும் சாவியையும் திருப்பிக் கொடுக்கும்போது, தேதியிட்டுத் தாயிடம் கையெழுத்து வாங்காமல் வீட்டைவிட்டு இறங்காதீர்கள்.